ஜோமரின் முட்டிக்கு ஒரு டாக்டர்

ஜோமர் நொண்ட ஆரம்பித்தது எப்போது என்று லோர்னாவால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பின்னால் எத்தனையோ டாக்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஒருவரிடம் மழை விட்டபோது என்றாள். இன்னொருவரிடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்றாள். பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்கள் தீவின் புவெனாவிஸ்தா படகுத்துறையில் சோற்றுக்கடை நடத்துகிறவள் அடுப்பைப் பார்ப்பாளா, ஆறு வயதுப் பையனின் நடையைப் பார்ப்பாளா?

முதலில் கவனித்தது பெர்லாதான். லோர்னாவின் கணவன் எஃப்ரெனுக்கு அக்கா. இரண்டு வீடு தள்ளித் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். லோர்னா அவளை மனாங் என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். அந்த மரியாதைக்கு வேண்டிய அதிகாரம் பெர்லாவிடம் நிறையவே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவள் வழியிலேயே நின்றுவிட்டாள்.

"இவன் ஏன் மாதா தேரைத் தூக்கிட்டுப் போறவன் மாதிரி ஆடி ஆடி நடக்குறான்?"

"விளையாட்டு மனாங். நேத்து யாரோ குடிகாரனைப் பாத்திருப்பான். நடந்து காட்டுறான்."

"தோத்தோ, இங்க வா. அந்த மதில் வரைக்கும் போயிட்டு வா."

எங்கள் பக்கம் சின்னப் பையன்களைத் தோத்தோ என்றுதான் கூப்பிடுவோம். ஜோமர் போனான், வந்தான். இடது கால் தரையில் பட்டதும் சூடு பட்டதுபோல எழும்பியது. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு இடது முட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தான்.

அன்று முதல் எல்லோரும் முட்டியையே பார்த்தார்கள்.

கொய்யா மரத்திலிருந்து விழுந்திருப்பான் என்றார்கள். மழையில் வெறுங்காலோடு சுற்றியதால் குளிர் இறங்கிவிட்டது என்றார்கள். தசை பிடித்துவிடும் கிழவர் ஒருவர் இஞ்சி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயால் முட்டியை நீவிவிட்டார். ஜோமருக்குக் கூச்சம், வாய்விட்டுச் சிரித்தான். மறுநாள் நன்றாகவே நடந்தான். லோர்னா கிழவருக்கு ஒரு கோழியைக் கொடுத்தனுப்பினாள். அந்த வாரம் முடிவதற்குள் நொண்டல் திரும்பி வந்துவிட்டது. கோழி திரும்பி வரவில்லை என்று பெர்லா சொல்லிக் காட்டினாள்.

ஊர் சுகாதார நிலையத்தில் இளம் டாக்டர் ஒருத்தி இருந்தாள். முட்டியை அமுக்கிப் பார்த்தாள், வீக்கமில்லை என்றாள். "வளர்ற பிள்ளைங்களுக்கு வர்ற வலிதான். போகப் போகச் சரியாயிடும்" என்று மருந்து கொடுத்தாள். மருந்து குடித்தால் வலி நின்றது. நொண்டல் நிற்கவில்லை. வலி இல்லாமல் ஒருவன் ஏன் நொண்ட வேண்டும்? லோர்னாவுக்குப் புரியவில்லை.

எஃப்ரெனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கப்பல் கரையை ஒட்டி வரும்போது மட்டும் போனில் முகம் தெரியும். பாதிப் பேச்சில் அந்த முகமும் உறைந்துவிடும்.

"பால் குடு. எங்க கப்பல்ல ஒருத்தரோட பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம். பாலாலயே சரியாயிடுச்சாம்."

அடுத்த முறை கூப்பிட்டபோது, "பாலை நிறுத்திட்டியா? வாயுன்னு சொல்றாங்க" என்றான்.

"போன தடவை நீதான குடுக்கச் சொன்ன?"

"நான் கடலுக்கு நடுவுல இருக்கேன் லோர்னா. எனக்கு என்ன தெரியும்? கேட்டதைச் சொல்றேன்."

கடைசியில் லோர்னா கடையைப் பூட்டிவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு இலோயிலோவுக்குப் படகேறினாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு டாக்டரைப் பார்த்தாள். அவர் முட்டியை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முட்டி அருமையா இருக்கு."

"அருமையா இருக்குற முட்டி ஏன் டாக்டர் வலிக்குது?"

அவர் அதற்குக் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். "நான் பெரியவங்களைத்தான் அதிகமாப் பாக்குறேன். பிள்ளைங்க எலும்பு வேற மாதிரி. பீடியாட்ரிக் ஆர்த்தோ சர்ஜன் ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க. இங்க இப்போ யாரு இருக்காங்கன்னு எனக்குச் சரியாத் தெரியல. மணிலாவுல கண்டிப்பா இருப்பாங்க." அதற்குள் நர்ஸ் வந்து அவரை அவசரமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெயரை மறந்துவிடக் கூடாதென்று லோர்னா படகில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். கரைக்கு வரும்போது அது பீடியா ஆர்த்தோ என்று சுருங்கியிருந்தது. பெர்லா வாய்க்குப் போனதும் வெறும் ஆர்த்தோ ஆனது.

"குழந்தைங்களுக்கு நல்ல ஆர்த்தோ யாருன்னு கேளு, அவ்வளவுதான? நான் கேக்குறேன்" என்றாள் பெர்லா. துணி தைக்க வருகிறவர்கள், மாதா கோயில் பாடகர் குழு, பேஸ்புக்கில் இருந்த பழைய பள்ளித் தோழிகள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒருத்தி மணிலா என்றாள். ஒருத்தி அந்த டாக்டர் செத்துப்போய்விட்டாரே என்றாள். ஒருத்தி மட்டும் அடித்துச் சொன்னாள்: "இலோயிலோவுல மோலோ பிளாசா பக்கத்துல ஒரு அம்மா இருக்காங்க. பிள்ளைங்களுக்குன்னா அவங்கதான் ஆர்த்தோ. எங்க அக்கா பொண்ணுக்கு அவங்கதான் பாத்தாங்க. கோணல்மாணலா இருந்துச்சு, இப்போ பாத்தா நம்ப மாட்டீங்க."

கோணலை நிமிர்த்தியவர் என்றதும் லோர்னாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்று பேரும் போனார்கள். காத்திருக்கும் அறை நிறையப் பிள்ளைகள். சுவரெல்லாம் சிரிக்கும் முகங்களின் படங்கள். பெர்லா சுற்றிலும் பார்த்துவிட்டு லோர்னாவின் காதில் சொன்னாள்.

"பாத்தியா, ஒண்ணுகூட நொண்டல. எல்லாம் துள்ளிக்கிட்டு இருக்கு. டாக்டர் கெட்டிக்காரிதான்."

வரவேற்பில் இருந்த பெண் போனைத் தோளில் இடுக்கியபடியே, "மேலயா, கீழயா?" என்று கேட்டாள்.

"கீழ. இடது பக்கம்" என்றாள் லோர்னா.

"வலி இருக்கா?"

"அப்பப்போ இருக்கு."

முறை வந்ததும் ஜோமரை ஒரு சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். டாக்டர் லிகாயா வந்தாள். குண்டான, சிரித்த முகம். "எங்க, ஆ காட்டு" என்றாள். ஜோமர் வாயைத் திறந்தான். நகரத்து டாக்டர்கள் தொண்டையிலிருந்து ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது என்று லோர்னா பொறுமையாக நின்றாள்.

"மம்மி, இப்போ கம்பி போட முடியாது. இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும்." பிள்ளையின் அம்மாவை இங்கே டாக்டர்கள் மம்மி என்றுதான் கூப்பிடுவார்கள்.

லோர்னா நாற்காலிப் பக்கம் வந்தாள். "கம்பி போடுற அளவுக்கா டாக்டர்? அது வரைக்கும் நடப்பானா?"

"நடப்பானாவா?"

"இடது முட்டி டாக்டர். ஓடவே முடியல அவனால."

டாக்டர் லிகாயா பையனின் வாயைப் பார்த்தாள், முட்டியைப் பார்த்தாள், பிறகு லோர்னாவைப் பார்த்தாள். பின்னால் நின்ற உதவிப் பெண் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மம்மி, நான் பல் டாக்டர். கோணல் பல்லைச் சரி பண்றவங்களையும் ஆர்த்தோன்னுதான் சொல்வாங்க."

லோர்னாவுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பெர்லாவுக்குத் தெரிந்தது. "பல்லுக்கும் காலுக்கும் ஒரே பேரு வச்சவன் யாரு? அவனை முதல்ல இந்த நாற்காலியில படுக்க வைக்கணும்" என்றாள். இந்த முறை டாக்டர் லிகாயாவும் சிரித்துவிட்டாள். ஜோமர் இன்னும் வாயைத் திறந்தபடியே கிடந்தான். மூடலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

வெளியே இத்தனை பேர் காத்திருக்க, அந்த அம்மாள் போனை எடுத்துத் தன்னோடு படித்த யாரையோ கூப்பிட்டாள். அங்கிருந்து இன்னொருவர் எண், அங்கிருந்து இன்னொருவர். முடிவில், செபு தீவிலிருந்து குழந்தைகளுக்கான எலும்பு சர்ஜன் ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை இலோயிலோவுக்கு வருகிறார் என்று தெரிந்தது. பெயர் டாக்டர் வில்லாஃப்ளோர். அவரைப் பார்க்க ஜோமருக்கு நேரமும் வாங்கிக் கொடுத்தாள். பீஸ் வாங்க மறுத்துவிட்டாள். "பல்லு நல்லா இருக்கு, மிட்டாயை மட்டும் குறைச்சுக்க" என்று ஜோமரின் கன்னத்தைத் தட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. இங்கே வரவேற்பு மேசையிலேயே லோர்னா கேட்டுவிட்டாள்: "இவரு காலுக்குத்தான?"

டாக்டர் வில்லாஃப்ளோர் ஒல்லியான மனிதர். செபுக்காரர் பேச்சு, எங்களுக்குப் பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்ள வேண்டும். அவர் ஜோமரை நடக்கவிட்டார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். சம்மணம் போடச் சொன்னார். ஒரு கால் மடங்கியது, இடது கால் பாதியிலேயே நின்றது. படுக்க வைத்துத் தொடையைப் பிடித்து உள்ளே திருப்பினார், வெளியே விரித்தார். ஜோமர் முகத்தைச் சுளித்தான். முட்டியை ஒரு தடவை மடக்கிப் பார்த்ததோடு சரி, அதன் பக்கமே அவர் திரும்பவில்லை.

லோர்னாவால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், வலி முட்டியில."

"தெரியும் மம்மி. அவன் அங்கதான் காட்டுவான். இடுப்பு மூட்டுல கோளாறு இருந்தா பிள்ளைங்களுக்கு முட்டியிலதான் வலிக்கும். ரெண்டுக்கும் ஒரே நரம்பு போகுது. அடி ஒரு வீட்டுல விழும், அழுகை பக்கத்து வீட்டுல கேக்கும்."

இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். இதுவரை யாருமே எடுக்காத படம். வலது பக்கம் தொடை எலும்பின் தலை பந்துபோல உருண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் அந்தப் பந்து வெளுத்து, மேலே யாரோ உட்கார்ந்து எழுந்தாற்போல அமுங்கியிருந்தது. லோர்னாவுக்கே வித்தியாசம் தெரிந்தது.

"இந்தப் பந்துக்கு ரத்தம் போறது நின்னுபோச்சு. அதனால எலும்பு செத்துப்போயிருக்கு."

"செத்துப்போச்சா?"

"பயப்படாதீங்க. திரும்ப உசிர் வரும். ரத்தம் தானாத் திரும்பி வந்து, பழைய எலும்பைக் கரைச்சுட்டு, புது எலும்பு கட்டும். ரெண்டு வருஷம் ஆகலாம், மூணும் ஆகலாம்."

"ரத்தம் ஏன் டாக்டர் நின்னுச்சு? மரத்துலேருந்து விழுந்ததாலயா? நான் கவனிக்காததாலயா?"

"இல்ல. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குக்கூடவா?"

"எனக்கும் தெரியாது. நீங்க பண்ணுன தப்பு எதுவும் இல்ல, அது மட்டும் தெரியும்."

லோர்னா பெர்லாவைப் பார்த்தாள். பெர்லா முன்னால் குனிந்தாள். "சரி டாக்டர், ஆபரேஷன் எப்போ?"

"இப்போ வேணாம். வயசு சின்னது, பந்து இன்னும் குழிக்குள்ளதான் இருக்கு. குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. நீந்தலாம், நல்லா நீந்தட்டும். காலை விரிக்கிற பயிற்சி சொல்லித் தருவாங்க, தினமும் பண்ணணும். அப்பப்போ படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம். பந்து வெளிய நழுவ ஆரம்பிச்சா நானே ஆபரேஷன் பண்றேன்."

வெளியே வந்து ஆளுக்கொரு கிண்ணம் பாச்சோய் நூடுல்ஸ் வாங்கி உட்கார்ந்தார்கள். பெர்லா கரண்டியைத் தொடவே இல்லை.

"வெட்டாத சர்ஜனைத் தேடியா இவ்வளவு அலைஞ்சோம்? வெட்டாம இருக்கத்தான் நம்ம ஊர்ல எல்லாரும் இருக்காங்களே."

லோர்னாவால் சிரிக்க முடியவில்லை. காரணமே இல்லாமல் செத்து, மருந்தே இல்லாமல் பிழைக்கப்போகும் எலும்பு. இதை ஊரில் எப்படிச் சொல்வது? எதிரே ஜோமர் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவன் உடம்புக்குள் ஏதோ ஒன்று செத்துக் கிடக்கிறது, அவன் பசியோடு சாப்பிடுகிறான்.

குழப்பம் அதோடு முடியவில்லை. எஃப்ரென் அந்த எக்ஸ்ரேயின் போட்டோவைக் கப்பலில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான். கேப்டனின் மச்சான் மணிலாவில் எலும்பு டாக்டர். அவர் பார்த்துவிட்டு, காத்திருக்கவே கூடாது, இப்போதே எலும்பை வெட்டிச் சரியான கோணத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"அவர் பெரிய டாக்டர் லோர்னா. மணிலாவுக்குக் கூட்டிட்டுப் போ. பணத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

"அவர் ஜோமரைப் பாத்தாரா? காலைத் தொட்டுத் திருப்பினாரா?"

"படத்தைப் பாத்தார்."

"இவரு பையனையும் பாத்தார், படத்தையும் பாத்தார்."

"அப்போ இவரு சொல்றதுதான் சரியா? உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது எஃப்ரென். ஒருத்தர் வெட்டுங்கிறார், ஒருத்தர் வேணாம்ங்கிறார். நான் சோறாக்குறவ. ரெண்டு டாக்டருக்கு நடுவுல நான் என்ன தீர்ப்பு சொல்றது?"

எஃப்ரெனின் முகம் திரையில் உறைந்து நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று அன்றைக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த நாட்களில் லோர்னா குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். சில நாள் போடவே மறந்தாள். படகுக்காரர்கள் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மனது ஒருநாள் மணிலாவுக்குப் போகும், மறுநாள் திரும்பி வரும். ஜோமர் படியில் குதித்தால் நெஞ்சு பதறும். குதிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பதறும்.

அடுத்த மாதம் அவள் தனியாகவே இலோயிலோவுக்குப் போய் டாக்டர் வில்லாஃப்ளோரின் எதிரில் உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல் மணிலா டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் முகம் கோணவில்லை.

"அவர் சொல்றது தப்பில்ல. இவனுக்கு இன்னும் ரெண்டு வயசு கூட இருந்தா, இல்ல பந்து இன்னும் நசுங்கியிருந்தா, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"அப்போ ரெண்டு பேரும் சொல்றது சரியா?"

"ரெண்டுமே சரியா இருக்கலாம் மம்மி. ரெண்டுலயுமே சில பிள்ளைங்களுக்கு நல்லா வராமலும் போகுது."

"உங்க பையனா இருந்தா?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "தூக்கம் வராது. ஆனா காத்திருப்பேன்."

அந்தத் தூக்கம் வராது என்ற வார்த்தைதான் லோர்னாவை முடிவெடுக்க வைத்தது என்று பிற்பாடு எங்களிடம் சொன்னாள். போகப் போகச் சரியாயிடும் என்று சொன்னவர்களை எல்லாம் அவள் பார்த்துவிட்டாள். நானும் பயப்படுவேன் என்று சொன்ன டாக்டர் இவர் ஒருவர்தான். அது நம்புவதற்கு ஒரு காரணமா, இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நம்பினாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி வைத்தாள். ஓட்டப்பந்தயத்தில் ஜோமர் விசில் ஊதினான். தினமும் கடை மூடியதும் பாயில் படுக்க வைத்துக் காலை விரித்து எண்ணுவாள், அவன் கத்துவான், பெர்லா வந்து அவன் கவனத்தைத் திருப்ப ஏதாவது கதை விடுவாள். சாயங்காலம் கடல். கரையில் சாய்ந்து சாய்ந்து நடந்துபோன பையன் தண்ணீருக்குள் இறங்கியதும் மீன் மாதிரி போவான். நொண்டலே இருக்காது. லோர்னா கரையில் நின்று பார்ப்பாள். நோய் போய்விட்டது என்று தோன்றும். அவன் எழுந்து மணலில் கால் வைத்ததும் அது திரும்பி வரும்.

அரை வருஷத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் அந்தப் பந்தே இல்லை. நொறுக்கிப் போட்ட பிஸ்கெட் துண்டுகள்போலச் சிதறிக் கிடந்தது. லோர்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டரோ படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்லா இருக்கு."

"இதுவா நல்லா இருக்கு?"

"உடைஞ்சு கரைஞ்சாத்தான் புதுசு வரும். பாருங்க, துண்டு துண்டா இருந்தாலும் குழிக்குள்ளதான் இருக்கு."

"போன தடவை முழுசா இருந்துச்சு, அப்போ செத்துப்போச்சுன்னீங்க. இப்போ உடைஞ்சு கிடக்கு, நல்லா இருக்குங்கிறீங்க. டாக்டர், நான் எப்போ அழணும், எப்போ சிரிக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு தாளில் நான்கு பந்துகளை வரைந்து, வெளுத்தது, உடைந்தது, வளர்வது, ஆறியது என்று வரிசையாகக் காட்டினார். இரண்டாவது பந்தின்மேல் விரலை வைத்து, "நாம இங்க இருக்கோம்" என்றார். இவ்வளவு நாளில் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒவ்வொரு படத்திலும் துண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன. நொண்டல் ஒரு மாதம் குறையும், அடுத்த மாதம் கூடும். பிறகு ஒருநாள், எப்போது ஆரம்பித்தது என்று தெரியாததுபோலவே எப்போது நின்றது என்றும் தெரியாமல், நின்றுபோனது. ஜோமருக்கு ஒன்பது வயது நடக்கும்போது டாக்டர் வில்லாஃப்ளோர் கடைசியாக ஒரு படத்தைப் பார்த்தார். புதுப் பந்து சரியான உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையாக, அகலமாக இருந்தது. ஆனால் குழியும் அதற்கேற்ற மாதிரி வளைந்து கொடுத்திருந்தது.

"ஓடலாமா?" என்று ஜோமரே கேட்டான்.

"ஓடு. வயசானப்புறம் மூட்டு வலி வரலாம், வராமலும் போகலாம். அது நாப்பது அம்பது வயசுக் கதை."

அந்த வருஷம் எஃப்ரென் விடுமுறையில் வந்தான். கடைக்கு எதிரே ஜோமர் கூடைப்பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதை வாசலில் நின்று பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு உள்ளே வந்து மீன் கழுவிக்கொண்டிருந்த லோர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பவே வெட்டியிருந்தா அந்தப் பந்து இன்னும் உருண்டையா வந்திருக்குமோ?"

"தெரியல."

"வெட்டாம விட்டதாலதான் இவ்வளவு நல்லா ஆச்சோ?"

"அதுவும் தெரியல எஃப்ரென்."

"டாக்டரைக் கேட்டியா?"

"கேட்டேன். அவருக்கும் தெரியலயாம்."

அவன் தலையைச் சொறிந்தான். வெளியே பந்து தகரத்தில் மோதும் சத்தம் கேட்டது. யார் ஜெயித்தது என்று பையன்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஜோமரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, செதில் தெறிக்குது" என்றாள் லோர்னா. அடுத்த மீனை எடுத்தாள்.